பத்தாவது நிமிடத்தில் தீர்ந்துபோகும் மாட்யூலர்

கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். உங்களிடம் 84 எச்பி (மாட்யூல்களின் அகலத்தை அளக்கும் அலகு) அகலத்தில் இரண்டு வரிசை கொண்ட யூரோராக் பெட்டி, அதாவது தனித்தனி மாட்யூல்களைக் கேபிளால் இணைத்து வாசிக்கும் மாட்யூலர் சிந்தசைசர் இருக்கிறது. அதற்குள் இரண்டு ஆசிலேட்டர் (ஒலியை உண்டாக்குவது), ஒரு ஃபில்டர் (ஒலியை வடிகட்டுவது), இரண்டு என்வலப் (ஒலி எழுந்து அடங்கும் வடிவத்தைத் தருவது), ஒரு எல்எஃப்ஓ (மெதுவாக ஆடும் வோல்ட்டேஜ்), இரண்டு விசிஏ (வோல்ட்டேஜால் அளவை ஏற்றி இறக்குவது), எட்டுப் படி சீக்வென்சர் (ஸ்வரங்களை வரிசையாக ஓட்டுவது), குவாண்டைசர் (வோல்ட்டேஜை ஸ்வரத்தில் நிறுத்துவது), ரிவெர்ப் (அறையின் எதிரொலி தருவது). 40 எச்பி இன்னும் காலி. வீட்டில் மணிக்கணக்காக வாசிக்கிறீர்கள். நண்பர்கள் முன்னால், எதையும் முன்கூட்டித் தீர்மானிக்காமல் அரை மணி நேரம் வாசிக்க உட்கார்ந்தால் மட்டும் பத்தாவது நிமிடத்திலேயே சரக்கு தீர்ந்துவிடுகிறது. ஆகவே மூன்றாவதாக எந்த ஆசிலேட்டர் வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். போகிற போக்கில், இதில் கமகம் (ஸ்வரத்தை அசைத்து இழைப்பது) வருமா என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்.

ஆசிலேட்டர் எதுவும் வேண்டாம். நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது அந்தப் பத்தாவது நிமிடத்தைப் பற்றி. இரண்டு ஆசிலேட்டரிலிருந்து கிடைக்கக்கூடிய ஒலிகளே ஓர் ஆயுளுக்குப் போதும். மேடையில் அவற்றை எட்ட முடியாமல் போவதுதான் சிக்கல். சவுண்ட் என்ஜினியர் வேலை எனக்குச் சோறு போடுகிறது. ஒன்பது வருடங்களாக இதே போன்ற ஒரு பெட்டியோடு, இருபது முதல் அறுபது பேர் உட்காரும் அறைகளில் வாசித்துவருகிறேன். பெரும்பாலும் டிரம்ஸ் இல்லாத, மெதுவாக நகரும் இசை. நடன அரங்குக்கு நிறுத்தாமல் பீட் ஓட்டுகிறவர்களின் அனுபவம் வேறு. நான் சொல்வதில் பாதியை அவர்கள் மறுக்கலாம்.

பணம் செலவழிக்கும் முன் ஒரு பரிசோதனை செய்துபாருங்கள். ஃபோனைப் பெட்டிக்கு மேலே நிறுத்தி, கைகள் தெரிகிற மாதிரி அரை மணி நேர வாசிப்பை வீடியோ எடுங்கள். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். நான் இதைச் செய்தபோது, பெட்டியில் இருந்த எழுபதுக்கும் மேற்பட்ட குமிழ்களில் ஆறே ஆறைத்தான் தொட்டிருந்தேன். ஃபில்டர் எங்கே வடிகட்டத் தொடங்க வேண்டும் என்று வைக்கும் கட்டாஃபை மட்டும் ஒரு நாற்பது தடவையாவது திருகியிருப்பேன். மற்றவற்றை ஏன் தொடவில்லை என்று யோசித்தால் காரணம் பயம்தான். தொட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. கல்பனாஸ்வரம் பாடுகிறவர் எவ்வளவு தூரம் போனாலும், வந்து சேர அவருக்குப் பாட்டின் வரி ஒன்று காத்திருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் அவர் அவ்வளவு தூரம் போகிறார். மாட்யூலருக்கு நினைவு கிடையாது. ஒரு குமிழைத் திருப்பினால் முந்தைய நிலை போனது போனதுதான். அதனால் கை தானாகவே பத்திரமான ஆறு குமிழ்களைச் சுற்றி வருகிறது, பத்து நிமிடத்தில் அந்த ஆறும் அலுத்துவிடுகிறது. எனவே 40 எச்பியை நிரப்பும்போது ஒவ்வொரு மாட்யூலிடமும் நான் கேட்கும் கேள்வி, இது என்னைத் திரும்பக் கூட்டிவருமா என்பது.

அந்தக் கணக்கில் முதலிடம் மிக்சருக்கு. அலுப்பூட்டும் பதில்தான், ஆனால் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான்கு சானல், ஒவ்வொன்றுக்கும் ஒரு மியூட் சுவிட்ச், ரிவெர்புக்கு அனுப்ப ஒரு சென்ட். இப்போது உங்கள் இரண்டு ஆசிலேட்டரும் ஒன்றாகக் கலந்து ஒரே ஃபில்டருக்குள் போகின்றன என்று ஊகிக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம். ஒன்றை ஃபில்டருக்கு அனுப்பி, இன்னொன்றை நேராக மிக்சருக்குக் கொண்டுபோங்கள். மியூட் செய்த குரல் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. மூன்று நிமிடம் கழித்துத் திறந்தால் கேட்பவருக்கு அது புது வரவு. உங்களுக்கோ தெரிந்த இடம். சென்ட் ஃபேடருக்கு (சானலின் அளவை ஏற்றி இறக்கும் தள்ளுகோலுக்கு) முன்னால் பிரிகிறதா, பின்னால் பிரிகிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள். பின்னால் பிரிந்தால், ஃபேடரை இறக்கியதும் ரிவெர்புக்குப் போவதும் நின்று, வால் மட்டும் கரைந்து ஓயும். முன்னால் பிரிந்தால், ஃபேடரை இறக்கினாலும் ரிவெர்புக்குப் போய்க்கொண்டே இருக்கும். பக்கத்தில் பாடிக்கொண்டிருந்தவர் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்ப் பாடுகிற மாதிரி ஒலி தூரமாகிவிடும். ஒரே ஃபேடரை இறக்கி ஏற்றுவதில் இவ்வளவு பெரிய இடமாற்றம் கிடைப்பதால், சானலுக்குச் சானல் இதை மாற்றிக்கொள்ள சுவிட்ச் வைத்த மிக்சருக்குக் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம் என்பேன்.

அடுத்தது விசிஏ. இரண்டு இருக்கிறதே என்பீர்கள். அந்த இரண்டும் இப்போது ஒலியின் அளவைக் கட்டுப்படுத்தப் போய்விட்டன. நான் சொல்வது ஆட்டும் வோல்ட்டேஜையே கட்டுப்படுத்தும் விசிஏ. உங்கள் எல்எஃப்ஓ ஃபில்டரை ஆட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு ஆட்டுகிறது என்பது ஒரு குமிழில் உறைந்துபோய் இருக்கிறது. நடுவே ஒரு விசிஏ வைத்தால், அந்த ஆட்டத்தின் அளவையே இன்னொரு வோல்ட்டேஜால் பூஜ்யத்திலிருந்து முழுதுவரை கொண்டுபோய்த் திரும்பவும் கொண்டுவரலாம். இதற்கு லீனியர் (வோல்ட்டேஜுக்கு நேர் விகிதத்தில் மாறும்) வகைதான் சரி. எக்ஸ்பொனென்ஷியல் வகை காதுக்கு, அதாவது ஒலியின் அளவுக்கு. டோப்ஃபர் நிறுவனத்தின் ஏ-100 வரிசையில் இந்த இரண்டுக்கும் ஏ-130, ஏ-131 என்று தனித்தனி மாட்யூல்களே உண்டு. நான்கு விசிஏ ஒரே முகப்பில் வரும் மாட்யூல்களும் நிறையக் கிடைக்கின்றன, இடம் மிச்சம்.

இப்போது கைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1963 வாக்கில் சான் பிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டரில் இசையமைப்பாளர்கள் மார்ட்டன் சுபோட்னிக்கும் ரமோன் செண்டரும் கேட்டுக்கொண்டதற்காக டான் புக்லா தன் மாட்யூலர் கருவியை வடிவமைக்கத் தொடங்கினார். அதில் பியானோ மாதிரியான கட்டைகளை அவர் வைக்கவில்லை. தொட்டால் வோல்ட்டேஜ் தரும் உலோகத் தகடுகளை வைத்தார். ஒவ்வொரு தகடுக்கும் என்ன வோல்ட்டேஜ் என்பதை வாசிப்பவரே குமிழில் வைத்துக்கொள்ளலாம். அதே எண்ணத்தின் யூரோராக் வாரிசு என்று மேக் நாய்ஸ் நிறுவனத்தின் பிரஷர் பாயிண்ட்ஸைச் சொல்லலாம்: நான்கு தகடுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று குமிழ்கள். தகட்டைத் தொட்டால் அந்த மூன்று வோல்ட்டேஜும் ஒன்றாக வெளியே வரும், கை எடுத்த பிறகும் அங்கேயே நிற்கும். இதில் முதல் தகட்டை நான் வீடு என்று வைத்திருக்கிறேன். ஃபில்டர் பாதி மூடி, எல்எஃப்ஓ அடங்கி, ஆசிலேட்டர் ஆதார சுருதியில் நிற்கும் நிலை அது. மற்ற மூன்று தகடுகள் ஊர் சுற்ற. எங்கே போய் மாட்டிக்கொண்டாலும் முதல் தகட்டைத் தொட்டால் அந்த நொடியே வீடு. பெட்டிக்கு இல்லாத நினைவை இந்த நான்கு தகடுகள் கொஞ்சம் ஈடுகட்டுகின்றன.

இந்த மாட்யூல்தான் வேண்டும் என்று இல்லை. ஒரு ஜாய்ஸ்டிக் போதும்; வோல்ட்டேஜ் தரும் ஒரு நீள ஃபேடர்கூடப் போதும். தேவை என்னவென்றால், ஒரே கை அசைவு நான்கு இடங்களுக்குப் போக வேண்டும், போகும் வழியில் ஒவ்வொன்றும் தனித்தனி அளவில், தேவைப்பட்டால் தலைகீழாகவும் மாற வேண்டும். அதற்கு அட்டெனுவெர்ட்டர் என்ற எளிய, மலிவான சாதனம் இருக்கிறது. நடுவில் பூஜ்யம், வலப்பக்கம் திருப்பினால் நேர், இடப்பக்கம் திருப்பினால் எதிர். ஃபேடரை மேலே தள்ளும்போது ஃபில்டர் திறக்கிறது, என்வலப் குறுகுகிறது, எல்எஃப்ஓ வேகம் எடுக்கிறது, இரண்டாவது குரல் மட்டும் பின்வாங்குகிறது. கீழே இழுத்தால் நான்கும் பழையபடி. இதைக் கட்டிவைத்த அன்றுதான் என் பத்தாவது நிமிடம் இருபதாவது நிமிடமானது.

ஒரே வோல்ட்டேஜை நான்காகப் பிரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஃபில்டர், எல்எஃப்ஓ போன்றவற்றுக்கு ஒரு சிக்னலைப் பல ஜாக்குகளுக்குப் பிரிக்கும் சாதாரண மல்டிபிள் போதும். ஸ்வரத்தின் உயரத்தைத் தீர்மானிக்கும் வோல்ட்டேஜுக்கு அது போதாமல் போகலாம். ஆக்டேவுக்கு 1 வோல்ட் என்ற கணக்கில் ஓர் அரைஸ்வரம் 83 மில்லிவோல்ட்தான். அனுப்பும் மாட்யூலின் வெளியீட்டுத் தடை 1 கிலோ ஓம், வாங்கும் மாட்யூலின் உள்ளீட்டுத் தடை 100 கிலோ ஓம் என்றால், இன்னொரு ஆசிலேட்டரைச் செருகும்போதெல்லாம் கிட்டத்தட்ட ஒரு சதவீதம் வோல்ட்டேஜ் இறங்கும். 3 வோல்ட்டில் அது 30 மில்லிவோல்ட், அதாவது அரைஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். காதில் நன்றாகவே தெரியும். ஆனால் பல சீக்வென்சர்கள் இந்தச் சரிவைத் தாங்களே ஈடுகட்டும் விதத்தில் வடிவமைக்கப்பட்டவை. உங்களுடையது எந்த வகை என்று செருகிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சுருதி இறங்கினால், வோல்ட்டேஜ் சரியாமல் பிரிக்கும் பஃபர்டு மல்டிபிள் வாங்குங்கள். இறங்கவில்லையா, அந்தக் காசு மிச்சம்.

நான்காவது இடத்தை நினைவுள்ள ஒரு ராண்டம் மாட்யூலுக்குக் கொடுப்பேன். மியூசிக் திங் மாட்யூலர் என்ற பெயரில் டாம் விட்வெல் வெளியிட்ட டூரிங் மெஷின் நல்ல உதாரணம். உள்ளே 16 பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் (ஆன்/ஆஃப் மதிப்புகள் படிப்படியாக நகரும் சின்ன நினைவகம்) ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். பெரிய குமிழ் நடுவில் இருந்தால் ஒவ்வொரு கிளாக்கிலும் (எல்லாவற்றையும் நடத்தும் தாளத் துடிப்பிலும்) எது வேண்டுமானாலும் வரலாம். முழுக்க வலப்பக்கம் திருப்பினால் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் சொற்கட்டு அப்படியே பூட்டிக்கொண்டு சுற்றும். இடையில் வைத்தால் சுற்றச் சுற்ற அங்கொன்றும் இங்கொன்றுமாக மாறும். அது தானாகப் பிடிக்கும் நல்ல பிடியைக் கேட்டதும் பூட்டுவது, அலுத்ததும் கொஞ்சம் நெகிழ்த்துவது, இதுதான் வாசிப்பு. மியூட்டபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் மார்பிள்ஸ் இதே வேலையை இன்னும் பல கைகளோடு செய்யும். எமிலி ஜிலே அந்த நிறுவனத்தை 2022இல் மூடிவிட்டார் என்றாலும், அதன் வடிவமைப்புகளைத் திறந்த மூலமாக விட்டிருப்பதால் பிறர் செய்து விற்கும் பிரதிகள் கிடைக்கின்றன. டூரிங் மெஷினும் திறந்த மூலம்தான். சால்டரிங் வருமானால் கிட்டாக வாங்கி நீங்களே செய்யலாம். உங்கள் எட்டுப் படி சீக்வென்சரைத் தூக்கிவிட வேண்டாம். இரண்டின் கிளாக்கையும் ஒரே இடத்திலிருந்து ஓட்டி, அதன் ரீசெட் ஜாக்கை ஒரு பட்டனோடு இணைத்தால், எவ்வளவு சிதறிப்போனாலும் ஒரு பட்டனில் சீக்வென்சரைச் சமத்துக்கு, அதாவது முதல் அடிக்குக் கொண்டுவரலாம்.

கேபிள் மாற்றுவது பற்றிக் கேட்கவில்லை, ஆனால் பத்தாவது நிமிடத்தில் அதுவும் ஒரு காரணமாக இருக்கும். ஒரு கேபிளை எடுத்து வேறு ஜாக்கில் செருகும் அந்த இரண்டு நொடி, மேடையில் இரண்டு நிமிடம் மாதிரி நீளும். ஒருமுறை நான் இருட்டில் கிளாக் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். எல்லாம் நின்றது, முன்வரிசையில் ஒருவர் கைதட்டத் தொடங்கிவிட்டார், முடிந்துவிட்டது என்று நினைத்து. அன்றிலிருந்து கிளாக்குக்கு மட்டும் சிவப்பு கேபிள், அந்த நிறம் வேறெதற்கும் இல்லை. உங்கள் ரிவெர்பில் ஃப்ரீஸ் என்றொரு பட்டனோ அதற்கான கேட் (ஆன்/ஆஃப் வோல்ட்டேஜ்) உள்ளீடோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கடைசியாகக் கேட்ட ஒலியைத் தம்பூரா போல நிறுத்திவைத்துவிட்டு, அதன் நிழலில் நிதானமாகக் கேபிள்களை மாற்றலாம். இல்லாவிட்டால் ஃபீட்பேக்கை ஏறக்குறைய முழுதாகத் திருப்பிய எந்த டிலேயும் அந்த வேலையைச் செய்யும். ஒருபக்கம் மட்டும் செருகிய இரண்டு மூன்று கேபிள்களை முன்கூட்டியே தொங்கவிட்டு வைப்பதும் உதவும். அடுத்து எங்கே போகலாம் என்பதற்கு அவை கண்முன் நிற்கும் யோசனைகள்.

கமகம் வரும். ஆனால் குவாண்டைசர் வழியாக வராது. குவாண்டைசரின் வேலையே இடைப்பட்ட வோல்ட்டேஜை அருகிலுள்ள ஸ்வரத்துக்கு இழுத்து உட்கார வைப்பது. நீங்கள் இழைக்க இழைக்க அது படிப்படியாக வெட்டும். ஆகவே ஸ்வரத்தைக் குவாண்டைசரிலிருந்து எடுங்கள், அசைவைத் தகட்டிலிருந்தோ ஜாய்ஸ்டிக்கிலிருந்தோ எடுத்து அட்டெனுவெர்ட்டரில் மிகச் சிறிய அளவுக்குக் குறையுங்கள், இரண்டையும் குவாண்டைசருக்குப் பிறகு கூட்டுங்கள். கூட்டுவதற்குச் சாதாரண மிக்சர் வேண்டாம். வோல்ட்டேஜ் பிசகாமல் கூட்டும் பிரிசிஷன் ஆடர் வேண்டும், டோப்ஃபரில் அது ஏ-185-2. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் ஜாருவுக்கு, வோல்ட்டேஜைத் தாவவிடாமல் இழுத்துச் செல்லும் ஒரு ஸ்லூ லிமிட்டர் சேர்த்தால் ஓரளவு பரவாயில்லை. ஸ்வரத்தை நடுங்கவைக்கும் கம்பிதம் மாதிரியான அசைவில் எல்எஃப்ஓவை நம்பாதீர்கள். அது சீராக ஆடும். கமகம் சீராக ஆடுவதில்லை. விரலே ஆட்டினால் மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் வரும். வீணை வாசிக்கிறவர் ஒருவர் என் தகடுகளைத் தொட்டு ஐந்தே நிமிடத்தில் எனக்கு வராத ஒன்றைக் கொண்டுவந்தார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது, இதில் ருசிக்கே இடமில்லை. ஒவ்வொரு மாட்யூலும் +12, -12, சிலது +5 வோல்ட் தடங்களில் எத்தனை மில்லியாம்ப் இழுக்கிறது என்று தயாரிப்பாளர் போட்டிருப்பார். தடம் தடமாகக் கூட்டுங்கள். உங்கள் பவர் சப்ளை தருவதில் முக்கால் பங்கைத் தாண்டினால் நான் நிறுத்திக்கொள்வேன். ஆன் செய்யும் கணத்தில் எல்லாமே வழக்கத்தைவிட அதிகமாக இழுக்கும், அப்போது தள்ளாடும் சப்ளையை மேடையில் சமாளிக்க முடியாது. ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு -12 பக்கம். இதை எனக்கு யாரும் சொல்லித்தராமல் இல்லை. தெரிந்தே, தூக்கக் கலக்கத்தில் தலைகீழாகச் செருகி ஒரு ஃபில்டரைப் புகைய வைத்திருக்கிறேன். பல மாட்யூல்களில் பாதுகாப்பு டயோடு இருக்கும், எல்லாவற்றிலும் இருக்காது.

வெளியே போகும் சிக்னலையும் கவனியுங்கள். மாட்யூலருக்குள் ஒலி சுமார் +5க்கும் -5க்கும் இடையே ஆடும். சைன் அலையாக எடுத்தால் அது 3.5 வோல்ட் ஆர்எம்எஸ். அரங்கத்து மிக்சர் எதிர்பார்க்கும் +4 டிபியு என்பது 1.23 வோல்ட். ஏறக்குறைய 9 டெசிபல் அதிகம். பெட்டியிலிருந்து நேராக அரங்கத்து மிக்சருக்குக் கேபிள் போட்டால், அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர் உங்களைத் திட்டுவார். புது மிக்சரிலேயே அளவைக் குறைத்துத் தரும் வெளியீடு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டிஐ பாக்ஸ் (சிக்னலை அரங்கத்து மிக்சருக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி). கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகி (கிரவுண்ட் லூப்) ஹம் இரைச்சல் வந்தாலும் அதுவே காப்பாற்றும்.

இதுவரை சொன்னதில் வோல்ட், மில்லியாம்ப் கணக்குகள் உறுதியானவை. மிக்சர் முதலில் என்பதிலும் நான் அசையமாட்டேன். விசிஏவா, தகடா, எது அடுத்தது என்பது என் பழக்கம் சார்ந்தது. உங்கள் கை வேறு மாதிரி யோசிக்கலாம். திரையும் மெனுவும் வைத்த பல்தொழில் மாட்யூல்களை மேடையில் தவிர்ப்பதும் என் ருசிதான். வாசிக்கும்போது எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு வராது. இளையவர்கள் அலட்டிக்கொள்ளாமல் செய்கிறார்கள். பெரிய பெட்டிக்கு மாறலாமா என்ற ஆசை வரும். என்னுடைய இரண்டு வரிசைப் பெட்டியே நிரப்பியதும் 7 கிலோவைத் தாண்டி, விமானத்தில் கைப்பையாக விடமாட்டேன் என்றார்கள். நான்கையும் ஒரே நாளில் வரவழைக்காதீர்கள். தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்த விலைக்குத் தப்பான ஒன்றை வாங்கிவிட்டால், இங்கே அதை வாங்கிக்கொள்ள ஆள் பிடிப்பது கஷ்டம். மிக்சர் வந்ததும் இரண்டு மாதம் அதோடு வாசியுங்கள். வாரத்துக்கு ஒருமுறை, ஒரு கேபிளைக்கூடத் தொடாமல் பத்து நிமிடம். அப்புறம் மூன்று கேபிள் மட்டும் மாற்றலாம் என்ற நிபந்தனையோடு இன்னொரு பத்து நிமிடம். குமிழ்களின் வீட்டு நிலையைச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஐந்து ரூபாய் ஆகும், என் பெட்டியில் அதைவிடப் பயனுள்ள மாட்யூல் இல்லை.

உங்கள் பவர் சப்ளையின் மில்லியாம்ப் அளவையும், ரிவெர்பின் பெயரையும் எழுதுங்கள். இந்த நான்கும் 40 எச்பிக்குள், அந்தச் சப்ளைக்குள் அடங்குமா என்று கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.